புதிய ஸ்போர்ட்ஸ் கார் விலைபேசல் (ஐக்கிய அமெரிக்கா)

புதிய ஸ்போர்ட்ஸ் கார் விலைபேசல் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் புதிய மகிழுந்து ஒன்றை வாங்க விரும்புபவரும் அதை விற்கும் முகவரும் விற்பனை விலை குறித்துப் பேரம் பேசி உடன்பாட்டுக்கு வரும் நடைமுறை ஆகும். அந்நாட்டில் கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான பொருள்கள் ஒட்டப்பட்ட விலைக்கே விற்கப்படுகின்றன. புதிய மகிழுந்து இதற்கு முக்கியமான விதிவிலக்கு. ஒரே நாளில், ஒரே முகவரிடம், ஒரே மாதிரி வண்டியை வாங்கும் இருவர் வெவ்வேறு விலை கொடுக்கக்கூடும். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைந்த எண்ணிக்கையில் உருவாக்கப்படுவதால், இவ்வகையில் தள்ளுபடி கேட்பது மட்டுமன்றி, பரிந்துரை விலைக்கு மேல் கேட்கப்படும் தொகையைத் தவிர்ப்பதும் பேரத்தின் பகுதியாகிறது.

பேரம் நிலைத்திருப்பதற்கான காரணங்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், முகவர்கள் வழியாக விற்பனை செய்யும் உற்பத்தி நிறுவனங்கள் அதே வண்டிகளை நுகர்வோருக்கு நேரடியாக விற்பதை முகவர் உரிமைச் சட்டங்கள் தடுக்கின்றன. முகவர்கள் தனி வணிகர்கள். அவர்கள் நிறுவனத்திடமிருந்து வண்டியை விலைக்கு வாங்கித் தங்கள் பொறுப்பில் விற்கிறார்கள். எனவே நிறுவனம் அறிவிப்பது பரிந்துரை விலை மட்டுமே. அதற்குக் குறைத்தோ கூட்டியோ விற்பது முகவரின் உரிமை.

வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பர் 2008-இல் வெளியிட்ட நூலில், மகிழுந்துப் பேரம் குதிரை வணிகத்தின் தொடர்ச்சி என்று விளக்குகிறார். பழைய குதிரையைக் கொடுத்து, மீதிப் பணம் கட்டிப் புதிய குதிரையை வாங்கும் வழக்கம் அப்படியே பழைய வண்டியைக் கொடுத்துப் புதிய வண்டி வாங்கும் வழக்கமாக மாறியது. பழைய வண்டிக்கு நிலையான மதிப்பு இல்லை. அதன் மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால் புதிய வண்டியின் விலையும் பேச்சுக்கு உட்பட்டது.

சன்னல் விலைச்சீட்டு

1950-களில் பல முகவர்கள் புதிய வண்டியின் விலையை முதலில் உயர்த்திச் சொல்லி, பிறகு பழைய வண்டிக்குத் தாராளமாகக் கொடுப்பதுபோல் காட்டினர். வாங்குபவருக்கு உண்மையான விலை எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இதைச் சரிசெய்ய ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஐக்கிய அமெரிக்க செனட்டர் மைக் மன்ரோனி முன்னெடுத்த மகிழுந்துத் தகவல் வெளிப்படுத்தல் சட்டம் 1958-இல் நிறைவேறியது. அதன்படி ஒவ்வொரு புதிய மகிழுந்தின் கண்ணாடியிலும் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட வேண்டும். இச்சீட்டு இன்றும் அவர் பெயராலேயே மன்ரோனி சீட்டு எனப்படுகிறது.

சீட்டில் அடிப்படைப் பரிந்துரை விலை, ஆலையில் பொருத்தப்பட்ட கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றின் விலை, வண்டியை முகவரிடம் கொண்டு சேர்க்கும் கட்டணம், மொத்த விலை ஆகியவை இருக்கும். எரிபொருள் சிக்கனம், மோதல் பாதுகாப்பு மதிப்பீடு ஆகியவை பின்னாளில் சேர்க்கப்பட்டன. வண்டி வாங்குபவர் கைக்குச் சேரும்வரை இச்சீட்டை அகற்றக் கூடாது.

பல விற்பனையகங்களில் மன்ரோனி சீட்டுக்கு அருகில் முகவர் தாமே அச்சிட்ட இரண்டாவது சீட்டு ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கும். வண்ணப்பூச்சுப் பாதுகாப்பு, கண்ணாடியில் எண் பொறித்தல், சக்கரத்தில் நைட்ரசன் நிரப்புதல் போன்றவற்றுக்கான தொகையும், "சந்தைச் சரிக்கட்டல்" என்ற பெயரில் ஒரு தொகையும் அதில் காணப்படும். இரண்டாவது சீட்டுக்குச் சட்டம் எந்த மதிப்பும் தரவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் நீக்கும்படி வாங்குபவர் கேட்கலாம்.

முகவரின் அடக்கவிலை

பேரத்தில் முகவர் எவ்வளவு இறங்கி வர முடியும் என்பது அவருடைய அடக்கவிலையைப் பொறுத்தது. நிறுவனம் முகவருக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் உள்ள தொகை இன்வாய்ஸ் விலை எனப்படுகிறது. ஆனால் இதுவே இறுதி அடக்கவிலை அன்று. இரண்டு தொகைகள் பின்னர் முகவருக்குத் திரும்பி வரக்கூடும்.

முதலாவது, ஹோல்ட்பேக் எனப்படும் திருப்பித் தரும் தொகை. வண்டி விற்ற பிறகு நிறுவனம் முகவருக்குத் தரும் இத்தொகை, பல நிறுவனங்களில் பரிந்துரை விலையில் 2 முதல் 3 விழுக்காடு அளவில் இருக்கும். எல்லா நிறுவனங்களும் இதைத் தருவதில்லை. இரண்டாவது, மெதுவாக விற்கும் மாதிரிகளுக்கு நிறுவனம் முகவருக்குத் தரும் ஊக்கத்தொகை. இது வாங்குபவருக்கு அறிவிக்கப்படும் தள்ளுபடியிலிருந்து வேறானது. இதை வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் முகவரின் விருப்பம்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம். கொண்டு சேர்க்கும் கட்டணம் நீங்கலாக ஒரு வண்டியின் பரிந்துரை விலை 40,000 டாலர், இன்வாய்ஸ் விலை 38,000 டாலர் என்று கொள்வோம். ஹோல்ட்பேக் 3 விழுக்காடு என்றால் 1,200 டாலர். நிறுவனத்தின் ஊக்கத்தொகை 1,000 டாலர். இவற்றைக் கழித்தால் முகவரின் அடக்கவிலை 35,800 டாலர். அதாவது, "இன்வாய்ஸ் விலைக்கே தருகிறோம், எங்களுக்கு இதில் ஒன்றும் மிச்சமில்லை" என்று விற்பனையாளர் சொல்லும்போதும் முகவருக்கு 2,200 டாலர் மிஞ்சுகிறது. இடவாடகை, ஊழியர் சம்பளம், விற்காத வண்டிகளுக்கான வட்டி ஆகியவற்றை முகவர் இதிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்பதால், அடக்கவிலைக்கே தரும்படி கேட்பது பெரும்பாலும் பலிக்காது.

எட்மண்ட்ஸ், கெல்லி புளூ புக் போன்ற விலை வழிகாட்டிகள் மாதிரிவாரியான விலை விவரங்களை வெளியிடுகின்றன. இணையம் பரவிய பின் இவ்விவரங்கள் எளிதில் கிடைப்பதால், முகவருக்கு மட்டுமே தெரிந்திருந்த கணக்கு ஓரளவு வாங்குபவருக்கும் தெரிகிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களின் தனித்தன்மை

குடும்ப வண்டிகளைப் போல் ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்பனையகத்தில் வரிசையாக நிற்பதில்லை. ஒரு முகவருக்கு ஆண்டுக்கு எத்தனை வண்டிகள் என்பதை நிறுவனம் பெரும்பாலும் அவருடைய முந்தைய விற்பனையைப் பார்த்து ஒதுக்குகிறது. சிறிய முகவருக்கு ஒன்றிரண்டு மட்டுமே கிடைக்கலாம். ஒன்றிரண்டு வைத்திருப்பவர் அதில் அதிக ஆதாயம் பார்க்க முயல்வார். நிறைய ஒதுக்கீடு பெறும் பெரிய முகவர் எண்ணிக்கையைப் பெருக்குவதற்காகப் பரிந்துரை விலைக்கே விற்க முன்வரலாம். ஆகவே அருகிலுள்ள முகவரைவிடத் தொலைவிலுள்ள பெரிய முகவரிடம் முன்பதிவு செய்து காத்திருப்பது மலிவாக முடிவதுண்டு.

புதிய மாதிரி வெளிவந்த முதல் மாதங்களில் கூடுதல் விலை கேட்கும் போக்கு புதிதன்று. மஸ்டா நிறுவனத்தின் மியாட்டா 1989-இல் அமெரிக்காவில் 13,800 டாலர் அடிப்படை விலையில் அறிமுகமானபோது, தேவை மிகுந்ததால் பல முகவர்கள் அதற்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டனர். 2020 மாதிரி ஆண்டில் எஞ்சின் நடுவில் அமைந்த செவர்லே கார்வெட் 59,995 டாலர் தொடக்க விலையில் அறிவிக்கப்பட்டபோதும் அதுவே நிகழ்ந்தது. 2021-இல் சில்லுப் பற்றாக்குறையால் உற்பத்தி குறைந்தபோது, சாதாரண வண்டிகளுக்கும் கூடுதல் விலை கேட்கும் நிலை வந்தது.

வாங்கிய உடனே அதிக விலைக்கு மறுவிற்பனை செய்பவர்களாலும் விலை ஏறுகிறது. போர்டு ஜிடி வண்டியை வாங்க விண்ணப்பித்துத் தேர்வு பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகள் அதை விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதை மீறியதாக நடிகரும் மற்போர் வீரருமான ஜான் சீனா மீது போர்டு நிறுவனம் 2017-இல் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வெளிவந்து சில ஆண்டுகள் கடந்த மாதிரிகளுக்கு ஆர்வம் தணிந்துவிடும். இரு இருக்கை, சிறிய பெட்டி, கடினமான தாங்கு வில் ஆகியவற்றால் இவ்வண்டிகளை வாங்குவோர் குறைவு. விற்பனையகத்தில் பல மாதங்களாக நிற்கும் வண்டிக்கு முகவர் மாதந்தோறும் வட்டி கட்டுகிறார். பனி மிகுந்த வட மாநிலங்களில் திறந்த கூரை வண்டிகளுக்குக் குளிர்காலத்தில் தேவை குறையும். அடுத்த ஆண்டு மாதிரி வருவதற்கு முன்பும், முகவர் தம் விற்பனை இலக்கை எட்ட வேண்டிய மாதக் கடைசியிலும் தள்ளுபடிக்கான வாய்ப்பு கூடுகிறது.

விலைபேசும் முறை

நுகர்வோர் வழிகாட்டிகள் பொதுவாகப் பரிந்துரைக்கும் வரிசை பின்வருமாறு:

1. மாதிரி, நிறம், பற்சக்கரப் பெட்டி, கூடுதல் வசதிகள் ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்தல். ஒரே வகை வண்டிக்குக் கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும்.

2. வங்கியிலோ கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ கடனுக்கு முன் ஒப்புதல் பெறுதல். முகவர் சொல்லும் வட்டியைச் சரிபார்க்க இதுவே அளவுகோல்.

3. வண்டியை ஓட்டிப் பார்த்தல். விலைபேசலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுதல்.

4. பல முகவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதி, எல்லாம் அடங்கிய இறுதித் தொகையை எழுத்தில் கேட்டல்.

5. கிடைத்த குறைந்த விலையை மற்றவர்களிடம் காட்டி, அதற்கும் குறைக்க முடியுமா என்று கேட்டல்.

6. உடன்பட்ட தொகையும் ஒப்பந்தத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுதல்.

நியூயார்க் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் புரூஸ் புவேனோ டி மெஸ்கிட்டா 2009-இல் வெளியான தம் நூலில் இதன் கடுமையான வடிவத்தை விவரிக்கிறார். சுற்றுவட்டாரத்தில் உள்ள முகவர்கள் எல்லாருக்கும் தொலைபேசியில் பேசி, இன்ன வண்டியை இன்று மாலைக்குள் மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் வாங்கப்போவதாகவும், ஒருவர் சொல்லும் விலை அடுத்தவருக்கும் தெரிவிக்கப்படும் என்றும் சொல்லிவிட வேண்டும். விற்பனையகத்துக்குள் நுழைந்தவர் வாங்கும் ஆர்வத்தைக் காட்டிவிடுகிறார். வெளியில் இருப்பவருக்காக முகவர்கள் தங்களுக்குள் போட்டியிட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. முகவர் பலரிடம் கையிருப்பு உள்ள வண்டிகளுக்கு இம்முறை பொருந்தும். ஒதுக்கீட்டில் வரும் அரிய வண்டிகளுக்குப் பயன் குறைவு. அங்கே காத்திருக்கும் பொறுமையும், வேண்டாம் என்று எழுந்து வரும் துணிவுமே வாங்குபவரின் கையில் உள்ளவை.

எல்லாம் அடங்கிய தொகை

இந்தியாவில் ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் வேறுபாடு இருப்பதுபோல், அமெரிக்காவிலும் பேசிய விலைக்கும் கட்ட வேண்டிய தொகைக்கும் இடைவெளி உண்டு. மேற்கண்ட வண்டிக்கு 38,400 டாலர் என்று விலை பேசி முடித்ததாகக் கொண்டால், கணக்கு இவ்வாறு அமையலாம்:

பேசிய விலை: 38,400 டாலர்
கொண்டு சேர்க்கும் கட்டணம்: 1,500 டாலர்
ஆவணக் கட்டணம்: 400 டாலர்
விற்பனை வரி (40,300 டாலருக்கு 7 விழுக்காடு): 2,821 டாலர்
பதிவுக் கட்டணம்: 350 டாலர்
மொத்தம்: 43,471 டாலர்

இவற்றுள் வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குச் செல்பவை. கொண்டு சேர்க்கும் கட்டணம் நிறுவனம் விதிப்பது, எல்லாருக்கும் ஒன்றே. ஆவணக் கட்டணம் முகவர் விதிப்பது. சில மாநிலங்கள் இதற்கு உச்சவரம்பு வைத்துள்ளன. புளோரிடா போன்ற மாநிலங்களில் வரம்பு இல்லை. முகவர் இக்கட்டணத்தைக் குறைக்க மறுத்தால், வண்டியின் விலையில் அதே அளவு குறைக்கும்படி கேட்கலாம். இறுதித் தொகையை மட்டுமே வைத்துப் பேசுபவருக்கு, பணம் எந்த வரியில் குறைந்தாலும் ஒன்றுதான்.

மாதத் தவணையும் நான்கு கட்டத் தாளும்

சில விற்பனையகங்களில் விற்பனையாளர் ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்து, வண்டி விலை, பழைய வண்டியின் மதிப்பு, முன்பணம், மாதத் தவணை ஆகியவற்றை எழுதிப் பேசுவார். ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்ததை இன்னொரு கட்டத்தில் மீட்டுக்கொள்ள இது வசதியானது. "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன உடனே வாங்குபவரின் கவனம் மொத்தத் தொகையிலிருந்து விலகிவிடுகிறது.

40,000 டாலர் கடனுக்கு ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்று கொள்வோம். 60 மாதங்களுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 773 டாலர், மொத்தம் ஏறத்தாழ 46,400 டாலர். அதே கடனை 84 மாதங்களாக நீட்டினால் தவணை ஏறத்தாழ 584 டாலராகக் குறையும். ஆனால் மொத்தம் ஏறத்தாழ 49,100 டாலராக உயரும். விலையில் ஒரு டாலர்கூடக் குறையாமல் தவணை மாதம் 189 டாலர் குறைந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் வாங்குபவர் 2,700 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார்.

வட்டியிலும் முகவருக்குப் பங்கு இருக்கலாம். முகவர் வழியாகக் கடன் தரும் வங்கி 6 விழுக்காட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தாலும், முகவர் வாங்குபவரிடம் 8 விழுக்காடு என்று சொல்லி, வேறுபாட்டில் பங்கு பெற வழியுண்டு. மேற்கண்ட 60 மாதக் கடனில் இந்த 2 விழுக்காடு மாதத்துக்கு 38 டாலர், மொத்தத்தில் ஏறத்தாழ 2,265 டாலர். பல மணி நேரம் பேசிப் பெற்ற தள்ளுபடி இந்த ஒரு வரியில் கரைந்துபோகலாம்.

எனவே விலை, பழைய வண்டி, கடன் ஆகிய மூன்றையும் தனித்தனியே பேசி முடிப்பது நல்லது என வழிகாட்டிகள் கூறுகின்றன. பழைய வண்டியைத் தனியாரிடம் விற்றால் பெரும்பாலும் கூடுதல் விலை கிடைக்கும். எனினும் பல மாநிலங்களில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த மீதித் தொகைக்கு மட்டுமே விற்பனை வரி கணக்கிடப்படுவதால், அந்த வரிச் சேமிப்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் இச்சலுகை இல்லை.

நிதிப் பிரிவு

விலை முடிவான பிறகு வாங்குபவர் நிதிப் பிரிவு அலுவலரிடம் அனுப்பப்படுகிறார். நீட்டித்த உத்தரவாதம், சக்கரப் பாதுகாப்பு, வண்டியின் மதிப்புக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை ஈடுசெய்யும் காப்பீடு ஆகியவை இங்கே விற்கப்படுகின்றன. இவை தேவையற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவற்றின் விலையும் பேரத்துக்கு உட்பட்டதே என்பதும், பல வேளைகளில் வெளியில் மலிவாகக் கிடைக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பேசிக் களைத்த நிலையில், மாதத் தவணையில் சில டாலர்களாகச் சொல்லப்படும்போது இவை சிறியனவாகத் தோன்றும்.

விலையில் பாகுபாடு

பேரத்தால் விலை மாறும் சந்தையில் யாருக்கு எந்த விலை சொல்லப்படுகிறது என்பது சமூகக் கேள்வியாகவும் உள்ளது. சட்ட அறிஞர் இயன் ஏயர்ஸ் சிகாகோ பகுதியில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. பீட்டர் சீகல்மனுடன் சேர்ந்து அவர் விரிவாக்கிய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. ஒரே மாதிரி உடையும் ஒரே மாதிரிப் பேச்சும் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் 300-க்கும் மேற்பட்ட பேரங்களில் இணை இணையாக அனுப்பப்பட்டனர். வெள்ளை ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலையைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அதிக விலை சொல்லப்பட்டது தெரியவந்தது. இவர்கள் எல்லாரும் ஒரே உத்தியைப் பின்பற்றியதால், பேரத் திறமையின் குறைவு இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது.

பியோனா ஸ்காட் மார்ட்டன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, நேரில் வாங்கும்போது ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் இசுபானிய மொழி மரபினரும் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தனர் என்றும், இணையப் பரிந்துரைச் சேவை வழியாக வாங்கும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது என்றும் காட்டியது. முகம் காட்டாமல் எழுத்தில் விலை கேட்பது நேரத்தை மிச்சப்படுத்துவதோடு நியாயமான விலைக்கும் உதவுகிறது என்பதற்கு இது சான்றாகக் கருதப்படுகிறது.

சட்டப் பாதுகாப்பு

வாங்கிய மகிழுந்தை மூன்று நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் பரவலாக உள்ளது. வீட்டுக்கே வந்து விற்பவர்கள் போன்றோருக்கு உரிய கூட்டாட்சி விதி அது. முகவரின் நிலையான விற்பனையகத்தில் வாங்கும் வண்டிக்கு அது பொருந்தாது. கையொப்பமிட்ட பின் மனம் மாறினால், முகவர் விரும்பினாலன்றி அல்லது மாநிலச் சட்டம் இடம் கொடுத்தாலன்றித் திரும்ப வழியில்லை.

மறைமுகக் கட்டணங்களையும் பயனற்ற கூடுதல் பொருள்களையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்றைக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 டிசம்பரில் அறிவித்தது. எல்லாம் அடங்கிய விற்பனை விலையை முகவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. முகவர் சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன. விதியை உருவாக்கிய நடைமுறையில் குறை இருந்ததாகக் கூறி, ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 சனவரியில் அதை நீக்கியது. ஆகவே பாதுகாப்பின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

பேரமில்லா விற்பனை

பேரத்தை விரும்பாதவர்களுக்காக நிலையான விலை முறைகளும் முயலப்பட்டுள்ளன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சேட்டர்ன் வண்டிகள் 1990 முதல் ஒட்டிய விலைக்கே விற்கப்பட்டன. அந்த வணிகப் பெயர் 2010-இல் முடிவுக்கு வந்தது. டொயோட்டாவின் சையான் பிரிவும் 2003 முதல் 2016 வரை இம்முறையைப் பின்பற்றியது. முகவர்கள் இன்றி நேரடியாக விற்கும் டெஸ்லா நிறுவனம், ஒரு நாளில் எல்லாருக்கும் ஒரே விலையை வைக்கிறது. அதே நேரத்தில் அந்த விலையைத் தான் நினைத்தபோது மாற்றவும் செய்கிறது. நிலையான விலையில் பாகுபாட்டுக்கு இடம் குறைகிறது. ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் பெறக்கூடிய தள்ளுபடியும் அதனுடன் மறைகிறது.